வாசகர் கேள்வி பதில்: “காசுட்டைக் கழட்டிவிடு” என்று சொல்லும் பிள்ளை

பாலர் பள்ளி வயதுப் பிள்ளைகளின் பேச்சைப் பற்றியே இம்முறை பல கடிதங்கள் வந்திருப்பதால், மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், ஊரை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகனுக்கு நான்கு வயது மூன்று மாதம். நானும் கணவரும் வேலைக்குப் போவதால், காலை ஏழரை மணியிலிருந்து மாலை ஐந்தரை மணி வரை ஆங்கிலம் பேசும் ஒரு பாலர் பள்ளியில் இருக்கிறான். வீட்டில் என் மாமியார் தமிழ் மட்டுமே பேசுவார். சில மாதங்களாக அவன் பேச்சில் தமிழ், ஆங்கிலம், மலாய் ஆகிய மூன்று மொழிகளும் கலந்து வருகின்றன. நேற்றுக்கூட, “பாட்டி, என் காசுட்டைக் கழட்டிவிடு, ஐ வான்ட் தண்ணி” என்றான். “பிள்ளை குழம்பிப் போயிருக்கிறான், இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்” என்று அவனுடைய ஆசிரியை சொல்கிறார். மாமியாருக்கு ஆங்கிலம் வராது. எதைப் பேசுவது என்று தெரியாமல் இரண்டு வாரமாக வீட்டில் யாரும் அவனோடு இயல்பாகப் பேசுவதே இல்லை. (செகாம்புட், கோலாலம்பூர்)

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிதான் என்னை மிகவும் வருத்தியது. மகன் மூன்று மொழிகளைக் கலப்பதில் கவலைப்பட ஒன்றுமில்லை. வீட்டில் பேச்சு நின்றுபோனதில்தான் கவலை இருக்கிறது. ஆகவே இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் மாமியாரிடம், “அத்தை, நீங்கள் எப்போதும்போல் அவனிடம் பேசுங்கள்” என்று முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்போது அவன் சொன்ன வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். ‘காசுட்’ என்பது காலணியைக் குறிக்கும் மலாய்ச் சொல். அதன் பின்னால் ‘ஐ’ என்ற தமிழ் வேற்றுமை உருபை ஒட்டி, ஒற்றையும் இரட்டித்து, ‘காசுட்டை’ என்று சொல்கிறான். ‘கழட்டு’ என்று நிறுத்திவிடாமல் ‘கழட்டிவிடு’ என்று துணைவினையைச் சேர்த்து, வினையை வாக்கியத்தின் கடைசியில் வைக்கிறான். பின்பாதியான ‘ஐ வான்ட் தண்ணி’யில், சொல் தமிழாக இருந்தாலும் வரிசை ஆங்கிலத்தின் வரிசை, விரும்புகிறேன் என்ற வினை முன்னாலும் தண்ணீர் பின்னாலும் வருகின்றன. முன்பாதி தமிழின் சட்டத்துக்கும் பின்பாதி ஆங்கிலத்தின் சட்டத்துக்கும் பிசகாமல் நடக்கின்றன. குழம்பிய பிள்ளையால் இப்படிப் பேச இயலாது. உருபு என்ற பெயரையே கேள்விப்படாத நான்கு வயதுப் பிள்ளை, வேற்றுமொழிச் சொல்லைத் தமிழ் இலக்கணத்துக்குள் சரியாகக் கொண்டுவந்து நிறுத்துகிறான் என்றால், அவனுக்குள் தமிழ் வேர்பிடித்துவிட்டது என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். நாமும் அன்றாடம் இதைத்தான் செய்கிறோம்: சந்தைக்கு என்னாமல் பாசாருக்குப் போகிறோம், கடையில் சாப்பாட்டைக் கட்டி வாங்குவதைத் தப்பாவ் பண்ணுகிறோம் என்கிறோம். நம்மை யாரும் குழம்பியவர்கள் என்று சொல்வதில்லை.

செருப்புக்கும் சப்பாத்துக்கும் அவனிடம் ஏன் மலாய்ச் சொல் வந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். பள்ளி ஆங்கிலம் பேசும் பள்ளியாக இருந்தாலும், அங்கே வாசலில் காலணிகளைக் கழற்ற உதவும் அக்காள் ‘காசுட்’ என்று சொல்லியிருப்பார்; தினமும் அந்த இடத்தில், அந்த வேலையோடு, அந்தச் சொல் அவன் காதில் விழுந்திருக்கும். தண்ணீரை அவனுக்குப் பாட்டி கொடுக்கிறார், அதனால் அது ‘தண்ணி’யாகவே நிற்கிறது. இந்த வயதில் ஒரு சொல், அந்த வேலையைப் பிள்ளையோடு சேர்ந்து செய்தவருடைய மொழியிலிருந்துதான் வருகிறது. இருபத்தாறு ஆண்டுகள் பாலர் வகுப்பில் இருந்த நான் இதை மாற்றிக்கொள்ள ஒரு காரணத்தையும் இதுவரை காணவில்லை.

ஆங்கிலம் பின்தங்கிவிடுமோ என்ற அச்சம் உங்களுக்கு உள்ளூர இருப்பது புரிகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி நேரம் அவன் பள்ளியில் இருக்கிறான். ஐந்தரைக்கு அழைத்து வந்து ஒன்பதுக்குப் படுக்க வைத்தால், பயணத்தையும் சேர்த்து மாலையில் மூன்றரை மணி நேரமும் காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரமும்தான் வீட்டுக்கு மிஞ்சுகின்றன. அந்த நாலரை மணி நேரத்தையும் ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிட்டால் தமிழுக்கு வேறு இடமே இல்லை. ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ அந்த ஆபத்து கிடையாது. கோலாலம்பூரில் வளரும் பிள்ளைக்கு அவை பள்ளியிலும் கடையிலும் மின்தூக்கியிலும் விளையாட்டுத் திடலிலும் வந்துகொண்டே இருக்கும்.

அந்த ஆசிரியை நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால், பல மொழிகளைக் கேட்பதால் பிள்ளைக்குப் பேச்சு தாமதமாகும் என்பது சரியன்று. உண்மையான பேச்சுத் தாமதம் இருக்குமானால் அது அவன் பேசும் எல்லா மொழிகளிலும் தெரியும். ஒரு மொழியை நிறுத்துவதால் தீராது. அவனுக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று பார்க்கும்போது மூன்று மொழிச் சொற்களையும் சேர்த்தே எண்ண வேண்டும். நான்கு வயதில் நான்கைந்து சொற்கள் கொண்ட வாக்கியம் பேசுகிறானா, அன்று பள்ளியில் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல்கிறானா, அவனை அறியாத ஒருவருக்கு அவன் பேச்சில் பெரும்பகுதி விளங்குகிறதா என்று பாருங்கள். எந்த மொழியிலும் இவை இல்லையென்றால், அல்லது முன்பு பேசியதை இப்போது பேசாமல் போனால், பிறந்தபோது கொடுத்த சுகாதாரப் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அரசாங்கச் சுகாதார மருந்தகத்துக்குப் போய், செவித்திறன் பரிசோதனைக்கும் பேச்சுச் சிகிச்சையாளருக்கும் கடிதம் கேளுங்கள். உங்கள் மகன் இரண்டு வாக்கியத்தில் பாட்டியிடம் இரண்டு வேலை வாங்கியிருக்கிறான்; எனக்கு அவனைப் பற்றி அப்படி ஒரு கவலையும் இல்லை.

செவித்திறனை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு முன் என் மகள் மூன்று வயதாகியும் சரியாகப் பேசவில்லை. அழைத்துப்போன மருந்தகத்தில் மருத்துவர் அவள் காதைப் பார்க்கவில்லை, “வீட்டில் எத்தனை மொழி பேசுகிறீர்கள்?” என்று கேட்டார், மூன்று என்றதும் தமிழை நிறுத்தச் சொன்னார். நான் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டேன். என் தாயார் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தமிழும், சந்தையில் பேரம் பேசும் அளவு மலாயும்தான் அவருக்குத் தெரியும். மாலையில் நெத்திலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் கிள்ளி வயிற்றுக் கறுப்பை எடுத்துப் போடுவார். எதிரில் என் மகளும் ஒரு நெத்திலியை வைத்துக்கொண்டு பாட்டியின் விரலையே பார்த்துக்கொண்டிருப்பாள். பாட்டி பேச வாயெடுத்தால் நான் அடுக்களையிலிருந்து தடுத்துவிடுவேன். ஓராண்டுக்கு மேல் அவர்கள் இருவரும் பேசாமலேயே நெத்திலி கிள்ளினார்கள். பிறகு வேறொரு மருத்துவர் காதைப் பரிசோதித்து, நடுச்செவியில் நீர் தேங்கியிருப்பதைக் கண்டுபிடித்தார். சளி பிடிக்கும் பாலர் வயதில் இது அடிக்கடி வரக்கூடியது, அது இருக்கும்வரை பிள்ளைக்குப் பேச்சு தண்ணீருக்கடியில் கேட்பதுபோல்தான் கேட்கும். சிகிச்சைக்குப் பிறகு மகளுக்குப் பேச்சு வந்தது. ஆங்கிலத்தில் வந்தது. என் தாயார் இறக்கும்வரை இருவருக்கும் இடையில் நான் மொழிபெயர்ப்பாளராக நின்றேன். உங்கள் வீட்டில் அது நடக்கக் கூடாது.

என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். தமிழ்ப் பாடம் எதுவும் வேண்டாம். எப்படியும் செய்தே ஆக வேண்டிய வீட்டு வேலைகளில் இரண்டை அவனுக்கும் மாமியாருக்கும் சேர்த்துக் கொடுங்கள். காய்ந்த துணியை மடிப்பதை எடுத்துக்கொண்டால், உள்பக்கம், வெளிப்பக்கம், புரட்டு, உதறு, ஓரத்தைப் பிடி, பாதியாக மடி, அப்பாவுடையது, தம்பியுடையது என்று ஒரு கூடைத் துணிக்குள் ஐம்பது சொற்கள் இருக்கின்றன, அத்தனையையும் கை செய்து காட்டிவிடுகிறது. குளிக்கும்போது முழங்கை, முட்டி, குதிகால், பிடரி என்று தண்ணீர் ஊற்றும் இடத்தையெல்லாம் பெயர் சொல்லி ஊற்றட்டும். ‘காசுட்டை’ என்று அவன் சொன்னால் திருத்த வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம், “சப்பாத்தைக் கழற்றணுமா? இதோ, முதலில் வாரை இழு” என்று பாட்டி தன் வாயால் முழுதாகச் சொல்லிவிட்டு வேலையைச் செய்தால் போதும். சரியான சொல் அவன் காதில் விழுந்துவிட்டது, கேட்டதும் கிடைத்துவிட்டது.

ஆசிரியையிடம் ஒன்றைச் சொல்லுங்கள், அவரும் மகிழ்வார். தமிழில் கேட்பவரையும் சேர்த்துச் சொன்னால் ‘நாம்’, சேர்க்காமல் சொன்னால் ‘நாங்கள்’. மலாயிலும் அப்படியே ‘கீத்தா’, ‘காமி’ என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். பாட்டியிடம் ‘நாம் கோயிலுக்குப் போகலாமா’ என்றும் ‘நாங்கள் பள்ளியில் விளையாடினோம்’ என்றும் பிரித்துச் சொல்லப் பழகிய பிள்ளைக்கு, மலாயில் அந்த வேறுபாட்டைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. வீட்டுத் தமிழ் அடுத்த மொழியைத் தள்ளிவிடாது, அதற்கு வழிவிடும்.

கேள்வி: மதிப்பிற்குரிய ஆசிரியைக்கு வணக்கம். ரயில்வே பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். ஐந்து வயதுப் பேத்தி எங்களோடு இருக்கிறாள். நான் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது; பதில் மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. ‘தமிழில் சொன்னால்தான் மிட்டாய்’ என்று ஒருமுறை சொன்னேன், அழுதுவிட்டாள். மருமகள் வற்புறுத்த வேண்டாம் என்கிறார். என் மகன் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் காலத்துக்குப் பிறகு இந்த வீட்டில் தமிழ் இருக்குமா? (செந்தூல், கோலாலம்பூர்)

பதில்: ஐயா, உங்கள் மருமகள் சொல்வது நியாயம். மிட்டாயை நிபந்தனையாக்கினால் தமிழ் அவளுக்கு ஒரு சுங்கச் சாவடியாகிவிடும்; தாத்தாவைத் தாண்டிப் போக வேண்டுமானால் கட்ட வேண்டிய கட்டணம் என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் நீங்கள் நினைப்பதைவிட நிலைமை நல்லது. நீங்கள் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரிகிறது என்றால், மொழியில் கடினமான பாதி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. மீதிப் பாதி வெளியே வரவில்லையென்றால், அதற்கு அவசியம் நேரவில்லை என்று பொருள். ஆங்கிலத்தில் சொன்னாலும் தாத்தா எடுத்துக் கொடுத்துவிடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும்.

அவசியத்தை உண்டாக்குவது உங்கள் கையில் இருக்கிறது, அதற்கு அழ வைக்கத் தேவையில்லை. வீட்டில் சோற்றுக்கு அரிசி அளக்கும் வேலையை உங்களிருவருக்கும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய பால் டின்னால் அளக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருக்கும் என்று நம்புகிறேன். டின்னை அவள் கையில் கொடுத்துவிட்டு, “தலை தட்டி அளக்கிறாயா, குவித்து அளக்கிறாயா?” என்று கேளுங்கள். முதல் நாள் அவளுக்கு விளங்காது. விரலால் டின்னின் வாயை வழித்து ‘தலை தட்டி’ என்று காட்டுங்கள், அடுத்ததை மலைபோல் அள்ளி ‘குவித்து’ என்று காட்டுங்கள். இந்த இரண்டுக்கும் அவளுக்குத் தெரிந்த ஆங்கிலச் சொல் இல்லை. பாலர் பள்ளியில் யாரும் அவளுக்கு அரிசி அளக்கக் கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் ‘தாத்தா, இன்றைக்குக் குவித்து’ என்று சொல்ல அவளிடம் இருப்பது தமிழ் மட்டுமே. களைந்த அரிசியில் கையைவிட்டு அளாவும்போது தண்ணீர் பால்போல் மாறுவதைப் பார்த்துவிட்டால், நாளைக்கு அந்த வேலையை அவளே கேட்டு வருவாள். நீங்கள் பரீட்சை வைக்காமல் இருந்தால் போதும். ‘இதற்குத் தமிழில் என்ன, சொல்லு’ என்று விருந்தினர் முன்னால் கேட்பதை அறவே விட்டுவிடுங்கள். பேச வந்த பிள்ளையும் அதில் வாயடைத்துப் போகும்.

நீங்கள் ரயில்வேயில் இருந்தவர் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது, ஏனென்றால் அவளுக்கு வேறெங்கும் கிடைக்காத ஒன்று உங்களிடம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்குள், செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறி அவளைப் பத்துமலைக்கு அழைத்துப் போங்கள். பத்து கெந்தோன்மேன், கம்போங் பத்து, தாமான் வாஹ்யூ என்று மூன்று நிலையங்கள் தாண்டினால் பத்துமலை வந்துவிடும். ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். பெட்டியை எஞ்சினோடு எப்படி இணைப்பார்கள், தண்டவாளத்துக்கு இடையில் ஏன் இடைவெளி விட்டிருந்தார்கள் என்று நீங்கள் பட்டறையில் கண்டதையெல்லாம் உங்கள் தமிழில் சொல்லுங்கள். அங்கே 272 படி இருக்கிறது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு 272 வரை எண்ண வராது. பத்துப் பத்தாக எண்ணி, பத்து முடிந்ததும் ஒரு விரலை மடக்கிக்கொள்ளட்டும். இறங்கும்போதும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், படிகள் செங்குத்தானவை, குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும். திரும்பியதும் அடுத்த சனிக்கிழமைக்கு இடையில் ஆறு நாள் இருக்கிறது, அந்த ஆறு நாளும் அவள் அதைப் பற்றியே கேட்பாள்.

வழியில் இன்னொரு விளையாட்டும் விளையாடலாம். கடைக்கு மலாயில் ‘கெடாய்’, கப்பலுக்கு ‘காப்பால்’, பெட்டிக்குப் ‘பெத்தி’, கட்டிலுக்குக் ‘காத்தில்’, கோயிலுக்குக் ‘கூயில்’. நம் முன்னோர் கடல் கடந்து வணிகம் செய்த காலத்திலிருந்து இந்தச் சொற்கள் இங்கே இருக்கின்றன. பள்ளியில் கற்ற மலாய்ச் சொல்லுக்குள் தாத்தாவின் சொல் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கும்போது பிள்ளைகளுக்கு உண்டாகும் பூரிப்பை என் வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் பார்த்திருக்கிறேன், சொல்பலகையில் ‘கெடாய்’ என்று படித்துவிட்டு, “டீச்சர், இது நம்ம கடை!” என்று கத்திய ஒரு பையனின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

‘என் காலத்துக்குப் பிறகு’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மகனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். பிள்ளையிடம் அவர் ஆங்கிலத்தில் பேசுவதற்குக் கோபப்பட வேண்டாம். அவரிடம் நீங்கள் பேசும் தமிழைப் பேத்தியின் காதுபடப் பேசுங்கள். சாப்பாட்டு மேசையில் அப்பாவும் தாத்தாவும் சிரித்துப் பேசுகிற பேச்சில் தனக்கு இடமில்லை என்று ஒரு பிள்ளையும் வெகுநாள் உட்கார்ந்திருக்காது.

கேள்வி: டீச்சர், என் மகளுக்கு மூன்றரை வயது. இரண்டு மாதமாக, “அ... அ... அ... அம்மா” என்று முதல் எழுத்திலேயே நின்றுவிடுகிறாள். சில நாள் சரளமாகப் பேசுகிறாள், சில நாள் திக்குகிறாள். மாமனார், “நிதானமாகப் பேசு” என்று அதட்டுகிறார். (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

பதில்: இரண்டு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் பல பிள்ளைகளுக்கு இப்படி வரும். சொல்ல நினைப்பது பெருகிவிடுகிறது, வாய் அந்த வேகத்துக்கு இன்னும் பழகவில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும். அதுவரை நீங்கள் செய்ய வேண்டியது, அவள் முடிக்கும்வரை அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருப்பது. சொல்லை எடுத்துக் கொடுக்காதீர்கள், ‘நிதானமாக’, ‘மூச்சை இழுத்து’ என்று எதுவும் சொல்லாதீர்கள். நீங்களே உங்கள் பேச்சை மெதுவாக்கிக்கொண்டால் அவள் பேச்சும் மெதுவாகும். உங்கள் மாமனாரிடம் மரியாதையோடு, ‘மாமா, அவள் சொல்லி முடிக்கட்டும், டீச்சர் சொல்லியிருக்கிறார்’ என்று என் பெயரைச் சொல்லிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, பேசும்போது முகத்தைச் சுளித்தாலோ கண்ணை இறுக மூடினாலோ, திக்கிவிடுமே என்று பேசாமலேயே இருந்துவிட்டாலோ, குடும்பத்தில் வேறு யாருக்காவது திக்குவாய் நிலைத்திருந்தாலோ, காத்திருக்காமல் பேச்சுச் சிகிச்சையாளரைப் பாருங்கள். தமிழை நிறுத்தச் சொல்லி இதற்கும் யாராவது அறிவுரை சொல்வார்கள், கேட்காதீர்கள்.

கேள்வி: நான்கு வயது மகன் வாழைப்பழத்தை ‘வாயப்பயம்’ என்கிறான். ‘அக்கா வந்தான்’ என்கிறான். பள்ளியில் சேர்ப்பதற்குள் சரிசெய்ய வேண்டுமா? (பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பதில்: ழகரம் பிள்ளைகளின் வாயில் கடைசியாக வந்து சேரும் ஒலிகளில் ஒன்று; நான்கு வயதில் வராவிட்டால் பிழையில்லை, வயதுவந்த நம்மில் பலருக்கே அது சரியாக வருவதில்லை. ‘அக்கா வந்தான்’ என்பதற்கு அவன் கேட்கும் மலாயும் ஒரு காரணமாக இருக்கலாம்; மலாயில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ‘டியா’ என்ற ஒரே சொல்தான், வினையும் மாறாது. “ஆமாம், அக்கா வந்தாள், பை தூக்கிக்கொண்டு வந்தாள்” என்று பதில் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

கேள்வி: வணக்கம் டீச்சர். நான் மாலை நேர வேலையில் இருக்கிறேன். செவ்வாய்க்கிழமை மட்டுமே விடுமுறை. மூன்றே முக்கால் வயது மகள் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுகிறாள். எடுத்தால் அழுகை, சாப்பாடும் இறங்குவதில்லை. மனைவியும் வேலை முடிந்து களைத்து வருகிறார், அவரைக் குறை சொல்ல மனமில்லை. மகள் எங்களோடு அதிகம் பேசுவதும் இல்லை. என்ன செய்யலாம்? (செராஸ், கோலாலம்பூர்)

பதில்: தம்பி, மனைவியைக் குறை சொல்லாமல் நீங்களே எழுதிக் கேட்டிருப்பதை நான் மதிக்கிறேன். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் ஒரு நாளில் திரையின் முன் உட்காரும் நேரம் ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் திரை என்றால் அந்த ஒரு மணி நேரம் சாப்பாட்டிலேயே கரைந்துபோகும். எனக்கு அதைவிடப் பெரிய இழப்பாகத் தெரிவது, அவள் பேசாமல் இருப்பதைப் பற்றி நீங்கள் கடைசியில் எழுதிய வரி. பகலெல்லாம் பிரிந்திருக்கும் குடும்பத்தில் எல்லாரும் ஒரே இடத்தில் உட்காரும் நேரம் சாப்பாட்டு நேரம் மட்டுமே. அந்த நேரத்தில் அவள் காதில் யாரோ முன்பின் தெரியாதவர்களின் குரல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் குரல் அவள் சொல்வதைக் கேட்காது, அவள் கேட்டதற்குப் பதிலும் சொல்லாது.

எல்லா வேளையையும் ஒரே நாளில் மாற்ற முயன்றால் உங்கள் மனைவிதான் தனியாக அந்த அழுகையைத் தாங்க வேண்டியிருக்கும். ஆகவே நீங்கள் வீட்டில் இருக்கும் செவ்வாய்க்கிழமைக் காலை உணவை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அது பழகியதும் இரவு உணவுக்குப் போகலாம். அந்த வேளையில் உங்கள் தொலைபேசியும் மனைவியின் தொலைபேசியும் காலணி அடுக்கின் மேல் இருக்கட்டும், அவளுடையதை மட்டும் பிடுங்கினால் அது தண்டனையாகிவிடும். தட்டில் கொஞ்சமாக வையுங்கள். முதல் சில நாள் குறைவாகவே சாப்பிடுவாள், பயப்படாதீர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது ஏறிய வேகத்தில் இந்த வயதில் எடை ஏறாது. இரண்டிலிருந்து ஐந்து வயது வரை ஆண்டுக்கு ஏறக்குறைய 2 கிலோதான் கூடும், பசியும் அதற்கேற்றபடிதான் இருக்கும். திரையைப் பார்த்துக்கொண்டு அவள் விழுங்கியது பசிக்குச் சாப்பிட்டதாகாது, வாய் தானாகத் திறந்ததால் உள்ளே போனது. எடை உண்மையிலேயே குறைந்தால் மருந்தகத்தில் காட்டுங்கள். மற்றபடி இருபது, முப்பது நிமிடத்தில் தட்டை எடுத்துவிட்டு, அடுத்த வேளைவரை நொறுக்குத் தீனியோ பாலோ கொடுக்காமல் இருந்தால் பசி தன் வேலையைச் செய்யும். தட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓட வேண்டாம் என்று மனைவியிடமும் சொல்லுங்கள், பாவம், அவருக்கும் அது ஓய்வுதான்.

மற்ற நாள்களில் நீங்கள் வேலையிலிருந்து வீட்டுக்கு அழைக்கும்போது, ‘சாப்பிட்டாயா?’ என்று கேட்காதீர்கள். நாமெல்லாரும் அன்போடு கேட்கும் கேள்விதான், ஆனால் அதற்கு ‘ம்’ என்பதோடு பதில் முடிந்துவிடும். ‘தட்டில் என்னென்ன இருக்கிறது, அப்பாவுக்குத் தெரியவில்லையே, சொல்லு’ என்று கேளுங்கள். குரல் மட்டும் போகட்டும், படம் வேண்டாம். நீங்கள் பார்க்க முடியாது என்பதால்தான் அவள் சொல்லியாக வேண்டும். முதல் நாள் ‘சோறு’ என்று ஒரே சொல்லாக வரும், ‘சோற்றுக்கு மேலே?’ என்று கேட்டால் குழம்பு வரும், ‘குழம்புக்குள்ளே?’ என்றால் முருங்கைக்காயைத் தேடிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை காலை தோசை நீங்களே ஊற்றுங்கள். அடுப்புக்கு எட்டத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு அவளை உட்கார வைத்து, முதல் தோசை அவள் கேட்கும் வடிவத்தில் என்று சொல்லிவிடுங்கள். மீன் என்பாள், பூனை என்பாள், கரண்டியை வைத்துக்கொண்டு, “வால் எந்தப் பக்கம்?” என்று அவளைக் கேட்டு, அவள் சொன்ன பிறகே மாவை இழுங்கள்.